காசு கட்டும் முன்: ஆன்லைன் டிகிரியும் கரஸ் டிகிரியும் அசல்தானா என்று பார்ப்பது எப்படி

மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்ட், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், எங்கே பஸ்ஸுக்கு நின்றாலும் ஒரு போஸ்டர் கண்ணில் படும். 'பத்தாவது பெயிலா? பிளஸ் டூ பெயிலா? ஒரே வருடத்தில் டிகிரி! அரசு அங்கீகாரம் பெற்றது.' கீழே ஒரு செல்போன் நம்பர் மட்டும் இருக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர் என்பதெல்லாம் இருக்காது. இப்போது அதே போஸ்டர், கோட்டு போட்ட பையன் படத்தோடு இன்ஸ்டாகிராமிலும் வருகிறது.

வீட்டில் முதல் ஆளாக டிகிரி வாங்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள், 'டிகிரி இருந்தா சூப்பர்வைசர் ஆக்கலாம்' என்று கம்பெனியில் சொன்னதால் அவசரப்படுகிறவர்கள். அந்தப் போஸ்டர் குறிவைப்பதும் இவர்களைத்தான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். 'கரஸ்' என்று நாம் சொல்லும் தொலைநிலைப் படிப்பும் ஆன்லைன் படிப்பும் மட்டமானவை அல்ல. மதுரைக்கு இது பழைய சங்கதி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. 'நான் கரஸ்ல முடிச்சேன்' என்று சொல்லும் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் இங்கே தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2020இல் கொண்டுவந்த விதிமுறையிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் அதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டார்கள். ஆகவே 'கரஸ் செல்லுமா' என்ற கேள்வியால் பயனில்லை. 'இந்தப் பல்கலைக்கழகம், இந்தப் படிப்பு, இந்த வருடம், இந்த ஆள்' என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு?

1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம் 22ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகம், மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பட்டம் வழங்க நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவை மட்டுமே பட்டம் தரலாம். வேறு யாரும் தர முடியாது. 23ஆம் பிரிவின்படி, அப்படி உருவாகாத எந்த நிறுவனமும் தன் பெயரில் 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொள்ளக் கூடாது.

மீறினால் என்ன தண்டனை? அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் அபராதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். எழுத்துப் பிழை இல்லை, ஆயிரம்தான். இத்தனை போர்டுகள் எப்படித் தைரியமாகத் தொங்குகின்றன என்பதற்கு அதுவே பதில்.

இப்போது அந்த போர்டில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஐஎஸ்ஓ 9001 தரச்சான்று பெற்றது.' ஐஎஸ்ஓ என்பது ஒரு நிறுவனம் தன் அலுவல் முறையை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்று பார்க்கும் சான்று. பிஸ்கட் கம்பெனிக்கும் உண்டு. அதற்கும் பட்டம் கொடுக்கும் அதிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. 'மத்திய அரசில் பதிவு பெற்றது' என்றால் பெரும்பாலும் கம்பெனிச் சட்டத்தின் கீழோ சிறுதொழில் பதிவாகவோ ஒரு நம்பர் வாங்கியிருப்பார்கள். பதிவுத் துறையில் டிரஸ்ட் பத்திரம் பதிந்தாலும் 'அரசுப் பதிவு' என்று எழுதிக்கொள்ளலாம். நிதி ஆயோக்கின் தொண்டு நிறுவனத் தளத்தில் பெயர் ஏற்றிவிட்டு, அந்த முத்திரையைப் பெரிதாகப் போடுகிறவர்களும் உண்டு. இவை பொய் என்று சொல்லவில்லை. பதிவு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் எடுபடாது.

நாக் தரச்சான்றும் அப்படித்தான், அடிக்கடி குழப்பம் தருவது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994 முதல் இயங்கும் அந்த அமைப்பு ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் என்று கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடுகிறது. நல்ல தரம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த கிரேடு இருப்பதாலேயே அது நடத்தும் ஒவ்வொரு ஆன்லைன் படிப்புக்கும் அனுமதி இருப்பதாக அர்த்தம் இல்லை.

போலிப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அசலா?

யுஜிசி தன் தளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. தளத்தின் முகவரி யுஜிசி டாட் ஜிஓவி டாட் இன். பட்டியல் நீளமானது அல்ல. அவற்றில் நிறைய டெல்லி முகவரிகள். படித்தால் சிரிப்பு வரும். 'யுனைடெட் நேஷன்ஸ் யுனிவர்சிட்டி, டெல்லி' என்று ஒன்று. ஐ.நா. சபை நடத்தும் உண்மையான பல்கலைக்கழகம் டோக்கியோவில் இருக்கிறது. நம் பக்கத்தில், திருச்சி புத்தூர் முகவரியில் ஒரு சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் பெயர் பல வருடம் அந்தப் பட்டியலில் இருந்தது. புதுச்சேரி திலாஸ்பேட்டை முகவரியிலும் ஒன்று வந்தது.

ஏஜெண்டுகளுக்குப் பிடித்த வாதம் ஒன்று உண்டு: 'சார், ஃபேக் லிஸ்ட்ல நம்ம பேரு இருக்கான்னு நீங்களே செக் பண்ணிக்கங்க.' பார்ப்பீர்கள், இருக்காது. யுஜிசி கண்ணில் பட்ட பெயர்கள் மட்டுமே அதில் ஏறும். நேற்று முளைத்தது எப்படி ஏறும்? 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைத் தவிர்த்து 'அகாடமி', 'இன்ஸ்டிட்யூட்' என்று வைத்துக்கொண்டதும் எளிதில் ஏறாது. ஆகவே போலிப் பட்டியலில் பெயர் இருந்தால் உடனே விலகுங்கள். இல்லாவிட்டால், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

பார்க்க வேண்டியது அனுமதிப் பட்டியல். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கென்றே யுஜிசியில் தொலைநிலைக் கல்விப் பிரிவு இருக்கிறது, சுருக்கமாக டிஇபி. 2013 வரை இந்த வேலையை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்குள் இருந்த ஒரு குழு பார்த்தது, அப்புறம் யுஜிசிக்கே வந்தது. தளத்தின் முகவரி டிஇபி டாட் யுஜிசி டாட் ஏசி டாட் இன். செல்போனிலேயே திறக்கும், கொஞ்சம் மெதுவாக.

அங்கே செய்ய வேண்டியது இது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் என்ற பகுதிக்குப் போங்கள். நீங்கள் சேரப் போகும் கல்வியாண்டையும் பருவத்தையும் பாருங்கள். சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலை-ஆகஸ்டில் ஒன்று, ஜனவரி-பிப்ரவரியில் ஒன்று. தொலைநிலையா ஆன்லைனா என்று பிரித்துப் பாருங்கள், இரண்டுக்கும் பட்டியல் தனி. பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டுபிடித்ததும் நிம்மதியாக மூடிவிடாதீர்கள். அதன் கீழே படிப்புகளின் பெயர்கள் இருக்கும். உங்கள் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்க வேண்டும். பி.காம். இருக்கிறது, நீங்கள் சேர்வது பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்றால் அது வேறு படிப்பு. அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு பதவி உயர்வின்போது யாராவது கேட்பார்கள்.

வருடத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பெரிய பெயர்களுக்கே இதில் சிக்கல் வந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மிஞ்சிய பழம்பெருமை தமிழ்நாட்டில் எத்தனை பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிறது? அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பே வெளியிட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இடைப்பட்ட வருடங்களில் சேர்ந்தவர்களுக்கு எவ்வளவு மனஉளைச்சல் இருந்திருக்கும்! அனுமதி என்பது ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் பட்டா மாதிரி அல்ல. எங்கள் அண்ணன் அங்கேதான் படித்தான் என்பது உங்கள் வருடத்துக்குச் சான்றாகாது.

சட்டம் போட்டு உருவான பல்கலைக்கழகமும் கவிழ்ந்ததுண்டு. சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் கொண்டுவந்து நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அனுமதித்தது. கட்டடமே இல்லாதவையும் அதில் இருந்தன. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளையே ரத்து செய்தது. இமாச்சலப் பிரதேசம் சோலனில் இருந்த மானவ் பாரதி பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தின்படிதான் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் போலிப் பட்டங்களை விற்றது என்ற குற்றச்சாட்டில் 2020இல் வழக்குகள் பதிவாயின. அதனால்தான் பட்டியலோடு நிற்காமல் ஆளையும் பார்க்கச் சொல்கிறேன்.

டிஇபி ஐடி

2024 முதல் வந்த ஒரு ஏற்பாடு நமக்குச் சாதகமானது. அனுமதி பெற்ற தொலைநிலை அல்லது ஆன்லைன் படிப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும் டிஇபி தளத்தில் தானே ஒரு ஐடி உருவாக்க வேண்டும். அதற்கு முதலில் ஏபிசி ஐடி, அதாவது உங்கள் படிப்பின் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண் வேண்டும், அது டிஜிலாக்கர் என்ற அரசு ஆவணச் செயலி வழியாகக் கிடைக்கும். காசு கிடையாது. இந்த எண் இல்லாமல் முறையான சேர்க்கை நடக்காது.

'அதெல்லாம் நம்ம கோர்ஸுக்குத் தேவையில்ல' என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 'ஓடிபி மட்டும் சொல்லுங்க, நானே போட்டுடறேன்' என்பவரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் ஆதார், உங்கள் செல்போன், உங்கள் மெயில் வைத்து நீங்களே செய்யுங்கள். தெரியாவிட்டால் தெருவில் கல்லூரி போகும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

இடைத்தரகர்

முழுப் போலிப் பல்கலைக்கழகத்தை நம் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை. அசல் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி இங்கே காசு வாங்கும் ஆள்தான் பெரிய ஆபத்து. ஜெராக்ஸ் கடை மாடியிலோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பின்னறையிலோ ஒரு மேஜை, சுவரில் நான்கைந்து வடமாநிலப் பல்கலைக்கழகங்களின் சின்னம், 'அட்மிஷன் கன்சல்டன்சி' என்று பெயர். போனில் பேச்சு இப்படிப் போகும்:

'அண்ணே, எந்த யுனிவர்சிட்டின்னு பேர முழுசா சொல்லுங்க.'

'யுஜிசி அப்ரூவ்டு தம்பி. நாலஞ்சு யுனிவர்சிட்டி கூட டை-அப் இருக்கு. உங்களுக்கு எது வேணுமோ அதுல போட்டுத் தரலாம்.'

'பரீட்சை எங்கண்ணே எழுதணும்?'

'அத நாங்க பாத்துக்கிறோம் தம்பி. நீங்க போட்டோ, ஆதார், மார்க் ஷீட் மட்டும் அனுப்புங்க.'

'போட்டுத் தரலாம்', 'நாங்க பாத்துக்கிறோம்' என்ற இரண்டும் காதில் விழுந்தால் போதும். பல்கலைக்கழகங்கள் தங்கள் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளைத் தனியாருக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பதை யுஜிசி தடை செய்திருக்கிறது. 'டை-அப்' என்று அவர் பெருமையாகச் சொல்வது அந்தத் தடைக்குள் வருவதாகத்தான் இருக்கும். தொலைநிலைப் படிப்புகளுக்கான ஆதரவு மையங்கள் உண்டு. எவை என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே இருக்கும். அதில் அந்த மாடியறை இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் எல்லைக்குள்தான் நடத்தலாம். வடக்கே ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் மேலூரில் 'ஸ்டடி சென்டர்' வைத்திருக்கிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். முழு ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. அதைக் காட்டிக் குழப்புவார்கள், கவனம்.

பல்கலைக்கழகத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஏஜெண்ட் கொடுத்த நம்பருக்கும் அவர் அனுப்பிய லிங்க்கில் இருக்கும் நம்பருக்கும் அடிப்பதில் அர்த்தமில்லை. யுஜிசி தளத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இணைய முகவரி இருக்கிறது, அதன் வழியாகப் போய் நம்பர் எடுங்கள். டாட் ஏசி டாட் இன், டாட் ஈடியூ டாட் இன் என்று முடியும் முகவரிகளைக் கல்வி நிறுவனங்களுக்கே கொடுக்கிறார்கள். டாட் காம், டாட் ஆர்க், டாட் ஆன்லைன் எல்லாம் யாரும் வாங்கலாம்.

கட்டணம் பல்கலைக்கழகத்தின் தளம் வழியாக, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். தனி ஆளின் ஜிபே நம்பர் காட்டினால் கட்டாதீர்கள். 'இன்னைக்கு ராத்திரி அட்மிஷன் குளோஸ்' என்ற அவசரமும் வேண்டாம், கடைசித் தேதியும் யுஜிசி அறிவிப்பிலேயே இருக்கும். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கைவசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே கல்வி நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அசல் கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது கன்சல்டன்சிக்கு ஏது?

ஒரே வருடத்தில் டிகிரி என்ற கதைக்கு வருவோம். சில இடங்களில் ஓரிரு செமஸ்டர் முன்கூட்டியே முடிக்க இப்போது வழி வந்திருக்கிறது. மூன்று வருடத்தை ஒரு வருடமாக்க எந்த விதியும் இல்லை. அதைச் செய்ய ஏஜெண்டுக்குத் தெரிந்த ஒரே வழி பழைய தேதி போடுவது: '2019 பேட்ச்ல என்ட்ரி போட்டுடலாம்.' இதற்கு ஒப்புக்கொண்டால் நீங்கள் ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து உடந்தை என்ற இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். போலி ஆவணம் செய்வது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவில் வருகிறது, தெரிந்தே அதை அசல் என்று காட்டிப் பயன்படுத்துவது 340ஆம் பிரிவில்.

எந்தப் படிப்பெல்லாம் தொலைநிலையில் இல்லை

பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, நர்சிங், பிசியோதெரபி, கட்டடக்கலை, வேளாண்மை, சட்டம், ஓட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங், விமானப் பராமரிப்பு. இவற்றில் தொலைநிலை, ஆன்லைன் பட்டத்துக்கு அனுமதியே கிடையாது. எம்.பில்., பிஎச்.டி.யும் கிடையாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலும் துணை மருத்துவப் படிப்புகளும் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டன. நிறையப் பேருக்கு இது இன்னும் தெரியாது. ஏற்கெனவே இருந்த பழைய விளம்பரத்தைக் காட்டிச் சேர்க்கப் பார்ப்பார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பி.இ. என்று ஆசைப்படும் டிப்ளமோக்காரர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சேலத்து நிறுவனம் ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சலில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001 முதல் 2005 வரையிலான மாணவர்களுக்கு மறுதேர்வு எழுத ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அதை வைத்துப் பதவி உயர்வு வாங்கியிருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி மாதிரி ஊர்களில் பெண்பிள்ளைகளைக் குறிவைக்கும் 'நர்சிங்' சென்டர்கள் தனிக்கதை. ஒரு வருடத்தில் நர்சிங் சான்றிதழ், உடனே ஆஸ்பத்திரி வேலை என்பார்கள். செவிலியராகப் பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 'இந்தப் படிப்பை முடித்தால் அந்தக் குழுமத்தில் பதிவு கிடைக்குமா?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். இழுத்தால் எழுந்து வாருங்கள். பி.எட். என்றால் ஆசிரியர் கல்விக் குழுவான என்சிடிஇ, சட்டம் என்றால் பார் கவுன்சில் என்று அந்தந்தத் தொழிலுக்கு ஓர் அமைப்பு உண்டு. அதன் தளத்திலும் பெயர் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டமும் கௌரவ டாக்டரும்

அமெரிக்காவில் யுஜிசி மாதிரி ஒரே அமைப்பு கிடையாது. தனித்தனித் தரமதிப்பீட்டு அமைப்புகள் அங்கீகாரம் தருகின்றன. அந்த அமைப்புகளை அமெரிக்கக் கல்வித் துறையோ சியா என்ற கவுன்சிலோ ஏற்றிருக்க வேண்டும். இரண்டு தளங்களிலும் பெயர் போட்டுத் தேடலாம். பிரிட்டன் என்றால், இங்கிலாந்துப் பகுதிக்கு ஆபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் என்ற அமைப்பின் பதிவேடு. இந்த வேலையைச் செய்யாமல் 'சர்வதேச அங்கீகாரம்' என்ற வரியை நம்பக் கூடாது, ஏனென்றால் அங்கீகார அமைப்பையே போலியாக உருவாக்குவார்கள். கராச்சியைச் சேர்ந்த ஆக்ஸாக்ட் கம்பெனி செய்தது அதுதான். பார்க்லி, கொலம்பியானா என்று காதுக்குப் பழகிய மாதிரிப் பெயர்களில் இணையத்தில் மட்டும் இருந்த பல்கலைக்கழகங்களை நடத்தி, அவற்றுக்கு நற்சான்று தர வேறு போலி அமைப்புகளையும் அவர்களே நடத்தினார்கள். 2015இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அதற்கு முன், 2004இல், டெக்சாஸில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு 'பல்கலைக்கழகம்' கோல்பி நோலன் என்பவருக்கு எம்.பி.ஏ. கொடுத்தது. அவர் ஒரு பூனை. பென்சில்வேனியா மாநில அரசு வழக்கு போடுவதற்காகத் தூண்டில் போட்டுப் பிடித்த கதை அது.

'ஆன்லைன் வெளிநாட்டு பிஎச்.டி.' என்று கல்வித் தொழில்நுட்ப கம்பெனிகள் விற்பதை நம்ப வேண்டாம் என்று 2022இல் யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்தே எச்சரித்தன. மற்ற வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இங்கே சமநிலைச் சான்று வேண்டும். அதற்கான யுஜிசி விதிமுறை 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது. சேரும் முன்பே அதைப் படித்துப் பாருங்கள்.

கௌரவ டாக்டர் பட்டம் வேலைக்கு உதவாது என்றாலும், போஸ்டரில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட நம் ஊரில் ஆசை அதிகம், அதனால் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கில் சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் கொடுத்தது. எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று பல்கலைக்கழகம் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. பிரபலங்களே நம்பிப் போய் நின்றார்கள். மண்டபம் யாருடையது என்பது பட்டம் யாருடையது என்பதைச் சொல்லாது.

வேலைக்குச் செல்லுமா?

பட்டம் அசலாகவே இருக்கட்டும். டிஎன்பிஎஸ்சி எழுதப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது: பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் பட்டம் என்ற வரிசை. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டம் இந்த வரிசைக்குள் வராது. 'வயசு ஆச்சு, பிளஸ் டூ எதுக்கு' என்று ஏஜெண்ட் சொல்வதைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் விழிக்கிறார்கள். விட்டுப்போன பிளஸ் டூவை முதலில் தனித்தேர்வராகவோ என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முடியுங்கள். பள்ளிக் கல்வி வாரியங்களிலும் போலி உண்டு. கோப்ஸே என்ற வாரியங்களின் கூட்டமைப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். படிப்பின் பெயர் அறிவிக்கையில் கேட்ட பெயரிலிருந்து கொஞ்சம் மாறினாலும், அதற்குச் சமம் என்ற அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அரசு வேலையில் சேர்ந்தபின் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு உங்கள் பட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்புவார்கள். வளைகுடா வேலைக்கும் அட்டெஸ்டேஷன் என்று கிட்டத்தட்ட அதே சோதனை. மாடியறையில் அச்சடித்த காகிதம் அங்கே நிற்காது.

இங்கே நேரில் போய்க் கேட்க இடமா இல்லை? நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிக்கந்தர் சாவடியில் இக்னோ மண்டல மையம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் மதுரையில் மண்டல மையம் உண்டு. காரைக்குடி அழகப்பா, பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். இவற்றுக்கும் மேலே சொன்ன பட்டியல் சோதனையைச் செய்துவிட்டே போங்கள், அரசு நிறுவனம் என்று தள்ளுபடி வேண்டாம்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால்

ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே விவரம், போஸ்டரின் போட்டோ எல்லாவற்றையும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் சண்டை போட்ட பிறகு சேமிக்கப் போனால் பாதி மெசேஜ் அழிந்திருக்கும். ஆன்லைனில் பணம் போய் அதிக நேரம் ஆகவில்லை என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். போலீஸ் புகாரை நகரத்துக்குள் என்றால் கமிஷனர் அலுவலகத்தில், மேலூர், உசிலம்பட்டி பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் கொடுக்கலாம். யுஜிசிக்கு இ-சமாதான் என்ற புகார்த் தளம் இருக்கிறது. கையில் சான்றிதழ் வந்துவிட்டது, ஆனால் சந்தேகம் என்றால் எந்த வேலைக்கும் அதைக் காட்டாதீர்கள்.

பல்கலைக்கழகம் போனில் மழுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் பற்றியென்றால் யுஜிசியிடம் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில், அதே 10 ரூபாயில் கேட்கலாம். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தப் பதிவு எண்ணில் இந்தப் பெயரில் மாணவர் இருக்கிறாரா, இந்தப் படிப்புக்கு இந்த வருடம் இந்த முறையில் அனுமதி இருந்ததா. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதுவரை இரண்டாம் தவணை கட்டாதீர்கள்.